மலை வலப்பக்கம்

ஆரியங்காவில் மலையேறும்போது சாரல் பிடித்துக்கொண்டது. ஜூன் முதல் வாரம். குற்றாலத்தில் அருவிக்கரைக் கடைக்காரர்கள் பழைய தார்ப்பாயை அவிழ்த்துவிட்டுப் புதுசு கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தென்காசியில் விடியுமுன் கிளம்பி, செங்கோட்டை தாண்டி, வைப்பரை ஓடவிட்டபடியே புனலூர்ப் பக்கம் இறங்கினோம். கொல்லத்தில் வடக்கே திரும்பியதும் மலை வலப்பக்கம் வந்து சேர்ந்தது. நான்காம் நாள் காலை, பன்வேலுக்குத் தெற்கே கர்னாளாவில் வண்டியை நிறுத்துகிறவரை அது பக்கம் மாறவே இல்லை. ஆலப்புழையில் தென்னைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. மரவந்தேயில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் சௌபர்ணிகையுமாக ரோடு போகிற இடத்தில், ஆற்றுக்கு அப்பால் நீலமாகக் கிடந்தது. கார்வாரில் கடலில் கால் நனைக்க வந்ததுபோல ரோட்டோரத்துக்கே இறங்கிவிட்டது. பின்சீட்டில் அம்மா தூங்கி எழும்போதெல்லாம் முதலில் வலப்பக்கக் கண்ணாடியைத்தான் பார்த்தாள். "கிடக்கு" என்பாள். மறுபடி கண்ணை மூடிக்கொள்வாள்.

காரில் ஊருக்குப் போய்வருவது எங்கள் வீட்டுக்குப் புதுசு. தாராவியில் ஊர் என்றால் ரயில். அப்பா தோல் கம்பெனியில் வேலைக்கு வந்த காலத்தில் மும்பை வி.டி.யில் மெட்ராஸ் மெயில் ஏறி, மெட்ராஸில் இறங்கி, எழும்பூரில் வேறு வண்டி பிடித்துத் திருநெல்வேலி போய்ச் சேர மூன்றாம் நாள் ஆகிவிடும். தகரப் பெட்டி, புளிச்சோறு, மண் கூஜா. ஏறுமிடம் ஒன்று, இறங்குமிடம் ஒன்று, நடுவில் இருந்ததெல்லாம் ஜன்னல். குண்டக்கல், ரேணிகுண்டா என்று எத்தனையோ பெயர்களை மஞ்சள் பலகையில் படித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றின் மண்ணையும் நான் மிதித்ததில்லை. 1998இல் கொங்கண் ரயில்வே முழுதாகத் திறந்ததும் மலைக்கு மேற்கே ஒரு வழி கிடைத்தது. அதில் தொண்ணூறுக்கு மேல் சுரங்கங்கள், ரத்னகிரிப் பக்கத்துக் கர்புடே சுரங்கம் ஒன்றே 6.5 கி.மீ. மலையைக் குடைந்து போகிறவனுக்கு மலை எங்கே தெரியும்? தன் முகம்தான் ஜன்னலில் தெரியும்.

ஆக எங்களுக்கு இரண்டு ஊர் உண்டு, நடு கிடையாது. "ஊருக்குப் போறீங்களா?", "ஊர்லேர்ந்து எப்ப வந்தீங்க?" என்று 90 அடி ரோட்டில் ஆயுசுக்கும் இந்த இரண்டு கேள்விதான். நடுவழியில் இருக்கிறவனைக் கேட்க ஒரு கேள்வி கிடையாது.

நடந்து போன காலத்தில் இப்படி இருந்திருக்காது. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரில் இன்றும் எங்கள் பக்கத்தில் சாலை இருக்கிறது. மரமும் சத்திரமும் இல்லாமல் அவளுடைய சாலையை யாரும் நினைப்பதில்லை. சாவடி, தண்ணீர்ப் பந்தல், கல் மண்டபம் எல்லாம் நடைக்கு அளந்து வைத்தவை. எல்லாவற்றிலும் என்னை உலுக்குவது சுமைதாங்கிக் கல். நட்ட கல் இரண்டு, அவற்றின் மேல் தோளுயரத்தில் குறுக்கே ஒரு பலகைக் கல். தலைச்சுமைக்காரன் யார் துணையும் இல்லாமல் இறக்கி வைக்கலாம், யார் துணையும் இல்லாமல் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளை பெறாமல் வயிற்றோடு செத்துப்போன பெண்ணுக்காக அதை நட்டு வைப்பார்கள். அவள் இறக்காமல் போன சுமைக்குப் பதில், வழியில் போகிற எவனோ இறக்கி வைக்க ஒரு கல். ஓய்வு என்பதை இவ்வளவு கனமாக யோசித்த ஜனங்கள் நாம். இன்றைக்கு பூனா எக்ஸ்பிரஸ்வேயில் ஃபுட் மால் இருக்கிறது. அங்கே நிறுத்தினால் சுமை கூடும்.

கர்னாளாவில் நிறுத்தலாம் என்றது மகள்.

"ஒரு மணி நேரம் நடந்துட்டுப் போலாம்ப்பா. கேட் இப்பதான் திறந்திருப்பாங்க."

அம்மாவுக்கு ஆச்சரியம். "ஏல, வீடு வரப் போவுது. இங்க எதுக்கு நிறுத்துத?"

கேள்வி நியாயம்தான். சிப்ளுணில் ராத் தங்கி, இருட்டில் புறப்பட்டு, மகாட், மாண்காவ், பேண் எல்லாம் தாண்டியாயிற்று. 2011 முதல் நான்கு வழி ஆகிக்கொண்டே இருக்கிற கோவா ரோட்டில், தூக்கித் தூக்கிப் போட்ட இடமெல்லாம் முடிந்துவிட்டது. இன்னும் 45 கி.மீ. போனால் செம்பூர். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டரை விழுங்கியவன் கடைசி வாயில் கையை உதறுவானா? ஆனால் எனக்கும் உள்ளே போக மனசில்லை என்பது அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. பன்வேல் போய்விட்டால் சயான்–பன்வேல் ஹைவே, வாஷி பாலம், மான்கூர்ட். காலை பத்து மணி நெரிசலில் பிரேக்கும் கிளட்சும். அந்த வரிசையில் போய் நின்றால் ஊர் முடிந்தது.

"அங்க என்ன சாமி இருக்கு?" என்று கேட்டாள் அம்மா.

இதுவும் நியாயமான கேள்வி. காட்டுக்குள் போக எங்களுக்கு ஒரு சாமி வேண்டும். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் இருக்கிறார், ஆடி அமாவாசைக்கு வண்டி வண்டியாகப் போவோம், காட்டிலேயே பொங்கி உறங்கிவிட்டு வருவோம். சாமி இல்லையென்றால் வேலை வேண்டும்: விறகு, தேன், ஆடு. ஒன்றும் இல்லாமல் காட்டுக்குள் போய் நடந்துவிட்டுத் திரும்பினால், எங்கள் பக்கத்தில் "எதையாவது தொலைச்சிட்டானா?" என்றுதான் கேட்பார்கள். தமிழ்நாட்டு வனத்துறையே 2024 அக்டோபரில்தான் நாற்பது மலைத்தடங்களுக்கு ஆன்லைனில் சீட்டுக் கொடுக்கத் தொடங்கியது. சும்மா நடப்பது இப்போதுதான் அரசாங்க வழக்கமாகியிருக்கிறது.

மகள் போனைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கோட்டைக்குப் போற வழியில கர்ணாயின்னு ஒரு தேவி இருக்காங்க ஆச்சி."

"ஆத்தா இருக்காளா? அப்பம் போயிட்டு வாங்க. நான் இங்கனயே உக்காந்திருக்கேன்."

செட்டா நகர் முருகன் கோயிலின் 108 படியையும் மாசம் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தவள் அவள். இப்போது கீழே நின்றே கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறாள். முழங்கால்.

கேட்டில் எங்கள் கையிலிருந்த பிளாஸ்டிக் பாட்டில்களை எண்ணி, அதற்கு முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது பாட்டிலைக் காட்டினால் பணம் கிடைக்கும். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. உன்மேல் நம்பிக்கை இல்லை என்பதைக் கணக்காகச் சொல்லிவிடுகிறார்கள். கர்னாளா 1968இல் பறவைகளுக்காக ஒதுக்கிய காடு. முதலில் வெறும் 4.48 சதுர கி.மீ. 2003இல்தான் 12.11 ஆக்கினார்கள். கோவா ரோடு அதை உரசிக்கொண்டு போகவில்லை, ஊடாகவே போகிறது. ஆகவே இங்கே காட்டுக்குள் போவது என்றால் ரோட்டிலிருந்து கொஞ்சம் விலகுவது, அவ்வளவுதான். கோட்டைக்கு ஒரு தடம், மோர்டாகா என்று சுற்றி வருகிற நீளமான ஒரு தடம், ஹரியால் என்று ஒரு சின்னத் தடம். ஹரியால் பச்சைப்புறாவின் பெயர், மகாராஷ்டிரத்தின் மாநிலப் பறவை. நாங்கள் ஹரியாலுக்குள் நுழைந்தோம். லாரி ஹாரன் கூடவே வந்தது. ஒரு வளைவில் மங்கும், அடுத்ததில் பக்கத்து மரத்துக்குப் பின்னாலிருந்து அடிப்பதுபோலக் கேட்கும்.

மூன்று நாளாக ஆக்ஸிலேட்டரில் கிடந்த வலது பாதம் தரையை நம்பவில்லை. எங்கேயோ ஒரு அழுத்தம் குறைவதுபோல நொண்டிக்கொண்டே நடந்தேன். வண்டி ஓட்டும்போது கண் நூறு கஜத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. பள்ளம் இருக்கிறதா, மாடு இருக்கிறதா, எதிரே வருகிறவன் விளக்கைத் தணிப்பானா. அந்தக் கண்ணை இழுத்துக் காலடிக்குக் கொண்டுவரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை நான் காட்டைப் பார்க்கவே இல்லை, அடுத்த திருப்பத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் தோளைத் தொட்டு நிறுத்தி ஒரு கருமருதைக் காட்டினாள். முதலை முதுகுபோல வெடித்த பட்டை. ஊரில் காரையாற்று வழியில் நான் சாய்ந்து நின்ற மரம்தான். இங்கே ஐன் என்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. தேக்கு, இலையுதிர்ந்த கிளைகளில் கடைசிச் சரங்களோடு கொன்றை, தரையெல்லாம் ஊதாக் கறையாக நாவல். இரட்டை நூலில் இரண்டு இறகைக் கட்டி இழுத்துப் போவதுபோல ஒரு துடுப்புவால் கரிச்சான் குறுக்கே போயிற்று.

காடு காய்ந்து கிடந்தது. இலை மிதித்தால் அப்பளம்போல நொறுங்கிற்று. அப்போதுதான் புரிந்தது, மழையை நாங்கள் முந்திக்கொண்டு வந்துவிட்டோம். கேரளத்தில் ஜூன் 1, மும்பையில் ஜூன் 11 என்பது வானிலை ஆய்வு மையத்தின் கணக்கு. பருவமழையும் நாங்கள் வந்த இதே வழியில்தான் வருகிறது, மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, தெற்கிலிருந்து வடக்கே, கரையோரமாகவே. அதற்குப் பத்து நாள், எங்களுக்கு மூன்றரை நாள். ஆரியங்காவில் எங்கள் கண்ணாடியில் விழுந்த சாரல் இன்னும் கோவாவைத் தாண்டியிருக்காது. ஓடைக்கரையில் இரண்டு பையன்கள் பீரங்கிபோல லென்ஸ் மாட்டிய கேமராவோடு உட்கார்ந்திருந்தார்கள். திபோட்டி கண்டியாவுக்காகக் காத்திருக்கிறார்களாம். மூன்று விரல் உள்ள, சிட்டுக்குருவி அளவே இருக்கிற மீன்கொத்தி. ஆரஞ்சும் நீலமும் ஊதாவுமாக, பிள்ளைகள் வண்ணம் அடித்ததுபோல இருக்கும். மழையோடு வந்து ஓடைக்கரை மண்ணைக் குடைந்து முட்டையிடும். "மழை வந்தால்தானே வரும்?" என்று இந்தியில் கேட்டேன். "வரும், நீங்கள் வந்துவிட்டீர்களே" என்றான் ஒருவன். வண்டியின் தமிழ்நாட்டு மண்ணைப் பார்த்திருப்பானோ என்னவோ.

மரங்கள் விலகிய ஓரிடத்தில் கோட்டை தெரிந்தது. உச்சியில் கட்டைவிரலை நிமிர்த்தி வைத்ததுபோல ஒற்றைக் கல்தூண். கவிழ்த்த எண்ணெய்ப் புனல் என்று வெள்ளைக்காரன் நினைத்துப் பெயர் வைத்தான். எனக்கு என்னவோ ரோட்டோரம் நின்று லிஃப்ட் கேட்கிறவனின் விரலாகத்தான் பட்டது. கொங்கணக் கரைக்கும் மேட்டு நாட்டுக்கும் இடையே போர் கணவாய் வழியாகப் போய்வந்த பாதைக்குக் காவல் அது. நிஜாம் ஷாஹி, போர்த்துகீசியர் எல்லாரும் வைத்திருந்த கோட்டையைச் சிவாஜி பிடித்தார். 1818இல் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அடிவாரத்துப் பக்கத்து ஊரான ஷிர்டோணில் 1845இல் பிறந்தவர் வாசுதேவ் பல்வந்த் பட்கே. வெள்ளையருக்கு எதிராக ஆயுதம் தூக்கி, பிடிபட்டு, 1883இல் ஏடன் சிறையில் செத்தார். தூணின் இடுக்குகளில் பெருந்தேன்கூடுகள் தொங்குவதால் ஏறுகிறவர்கள் சத்தம் போடக்கூடாது. இன்று அந்தக் கோட்டைக்குக் காவல் தேனீக்கள்தான்.

தடத்தோரக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். கறுப்பு. பொதிகைப் பாறையில் கை வைத்தால் அரிசிக் குருணைபோல மினுமினுப்பு ஒட்டும், இதில் ஒன்றும் இல்லை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து குழம்பாக வழிந்து, அடுக்கடுக்காக உறைந்த எரிமலைக் கல். கோவாவுக்குக் கொஞ்சம் வடக்கே தொடங்கி மும்பை வரை இதுதான். அந்தேரியின் கில்பர்ட் குன்றும் இதுதான். தெற்கே இருக்கிற பாறை இதைவிடப் பல பத்துக் கோடி ஆண்டு மூத்தது. ஆகவே ஒரே மலை என்று நாங்கள் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டு வந்தது கல்லால் ஒன்றல்ல. மழையால் ஒன்று, மரத்தால் ஒன்று. எங்கள் பக்கத்து மலைகளில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சிக்கு இங்கே கார்வி என்று ஒரு தங்கை, அவளுக்கு எட்டு வருஷக் கணக்கு. 2016இல் போரிவ்லி தேசியப் பூங்காவில் பூத்தாள், 2024இல் மறுபடி. 2012இல் யுனெஸ்கோ 39 இடங்களைச் சேர்த்து ஒரே சொத்து என்று எழுதிக்கொண்டது. அகத்தியமலை அதில் இருக்கிறது, சாத்தாராவின் காஸ் பீடபூமி இருக்கிறது, ரோட்டோரத்துக் கர்னாளா இல்லை. மலையும் சுமார் 1600 கி.மீ., பன்வேலில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற ரோடும் சுமார் அவ்வளவே. முன்னே அதன் பெரும்பகுதிக்கு 17 என்று எண் போட்டிருந்தார்கள், இப்போது 66.

இந்த மலை பெரிதாக விட்டுக்கொடுப்பது ஒரே இடத்தில், பாலக்காட்டில். முப்பது கிலோமீட்டர் சொச்சம் அகலத்துக்கு இடைவெளி. அந்த இடைவெளியிலிருந்து வந்தவர்கள் மாட்டுங்காவில் இருக்கிறார்கள். ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் எழுத்து வேலை பார்த்து, 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கி, பூக்கடையும் காபிக்கடையும் பஜனையுமாகக் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி ஒரு பாலக்காட்டைக் கட்டிக்கொண்டார்கள். மலையின் தென்கோடி அடிவாரத்திலிருந்து வந்தவர்கள் தாராவியில். அவர்கள் டைப்ரைட்டரை நம்பி வந்தார்கள், நாங்கள் தோலை நம்பி வந்தோம். இரண்டு இடத்துக்கும் நடுவில் தண்டவாளம்தான். சின்ன வயசில் அந்தப் பக்கம் போனால் பேச்சைக் கொஞ்சம் திருத்திக்கொள்வேன், ஏன் என்று யாரும் சொல்லித் தரவில்லை. மலையின் வேறு வேறு கணுக்களிலிருந்து உருண்டு வந்து, வடக்கே ஒரு சதுப்பில் பக்கத்துப் பக்கத்தில் தங்கிவிட்டோம். ரயிலில் போயிருந்தால் இது எனக்குத் தோன்றியிருக்காது.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். தாராவி பஸ் டெப்போவுக்கு எதிரே, மீட்டி ஆற்றங்கரையில், 37 ஏக்கரில் ஒரு காடு இருக்கிறது. மும்பையின் குப்பையைக் கொட்டிக்கொண்டிருந்த மேட்டில் மரம் வைத்து வளர்த்து, 1994 ஏப்ரல் 22 அன்று மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா என்று திறந்தார்கள். அது குப்பைமேடாக இருந்தபோது எங்களுக்குத் தெரியும், அதன் நாற்றம் தெரியும். காடான பிறகு சயான்–பாந்த்ரா லிங்க் ரோட்டில் அதன் வேலியோரம் எத்தனை ஆயிரம் முறை சிக்னலில் நின்றிருப்பேன். ஒருநாளும் வண்டியை ஓரம் கட்டவில்லை. வேலைக்குப் போகிற வழியில் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் அதை நாங்கள் பயணம் என்று எண்ணுவதில்லை. பயணமே இல்லாததை நடுவில் எப்படி நிறுத்துவது? மகளிடம் சொன்னேன். "நான் ஸ்கூல்லேர்ந்து நாலு தடவை போயிருக்கேம்ப்பா" என்றாள்.

கோட்டை வழிக்கு நாங்கள் போகவில்லை. ஒரு மணி நேரம் ஒன்றேகால் ஆகியிருந்தது. கேட்டில் பாட்டிலைக் காட்டிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், அம்மா வண்டியில் இல்லை. ரோட்டோரப் புளியமரத்தடியில், களாப்பழம் விற்கிற பெண்ணுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் இலைத் தொன்னை. உதடெல்லாம் கறுப்பு. "இவ கர்வந்தங்கா. நம்ம களாப்பழம்லா" என்றாள், யாரோ ஏமாற்றப் பார்த்ததைப் பிடித்துவிட்டவள்போல.

அந்தப் பெண் காத்கரி. வெற்றிலைக்குப் போடுகிற காசுக்கட்டியைக் கருங்காலி மரத்திலிருந்து காய்ச்சி எடுத்தவர்கள் என்பதால் வந்த பெயர். அந்தத் தொழில் போய்விட்டது. மழை விட்டதும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய் அங்கேயே குடிசை போட்டுக்கொள்வார்கள், மழைக்கு முன்னால் தங்கள் குடியிருப்பான வாடிக்குத் திரும்புவார்கள். போன வாரம்தான் வந்தாளாம். அம்மா இதையெல்லாம் தாராவியில் கற்ற மராத்தியில் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள். 1966இல் சிவசேனை வந்த பிறகு, வீட்டைவிட்டு வெளியே தமிழில் சத்தமாகப் பேசாதே என்று எங்களைக் கிள்ளி அடக்கிய காலத்தில் கற்ற மராத்தி. அதில் எப்போதும் ஒரு கெஞ்சல் இருக்கும். இன்றைக்கு அது இல்லை.

நான் தொன்னைக்குக் காசு கொடுக்கக் குனிந்தபோது அந்தப் பெண் அம்மாவைக் கேட்டாள்: "குடூன் ஆலாத்?" எங்கிருந்து வருகிறீர்கள் என்று.

தென்காசி என்பாள், இல்லையென்றால் மதராஸ் என்று பொதுவாகச் சொல்லுவாள் என்று நினைத்தேன். செம்பூருக்குக் குடிவந்தும் இருபது வருஷமாகிறது.

"தாராவி" என்றாள் அம்மா.

அந்தப் பெண் தலையாட்டினாள். பக்கத்து ஊர்தானே என்பதுபோல, பிடியளவு பழத்தை மேலாக அள்ளிப் போட்டாள்.

"ஆத்தாளப் பாத்தியளா?" என்று வண்டியில் ஏறியதும் கேட்டாள் அம்மா.

"இல்ல ஆச்சி, டைம் இல்ல" என்றாள் மகள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பன்வேலில் ரோடு மேற்கே திரும்பியது. வலப்பக்கக் கண்ணாடியில் கட்டிடங்கள் வந்துவிட்டன. அவள் இரண்டு தடவை அந்தப் பக்கம் பார்த்தாள், பிறகு சீட்டில் முழங்காலை ஊன்றித் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வாஷி பாலம் வருகிறவரை களாக்கொட்டைகளை ஒவ்வொன்றாக என் பழைய டோல் சீட்டில் துப்பி மடித்துக்கொண்டே வந்தாள்.